அத்தாவுக்குப் பிறகு நம் மீதுள்ள கடன்



மனிதன் மவ்த்தாகிவிட்டால் அவனுடைய அமல்களின் ஏடு மூடப்பட்டுவிடும். மூன்று வழிகளில் மட்டும் நன்மை வந்துகொண்டிருக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை ஜும்ஆ பயான்களில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நிலைத்து நிற்கும் தர்மம், பிறருக்குப் பயன்படும் கல்வி, தனக்காக துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை ஆகியவையே அந்த மூன்று. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இந்தச் செய்தியில் நம் மக்களின் மனம் முதலில் போய் நிற்பது தர்மத்தில்தான். அத்தா மவ்த்தாகி ஆறு மாதம் ஆவதற்குள் பள்ளிவாசலுக்கு மின்விசிறி, மதரஸாவுக்குக் குர்ஆன் பிரதிகள், கபுருஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் என்று பிள்ளைகள் கேட்டு வருகிறார்கள். அல்லாஹ் அவற்றைக் கபூல் செய்வானாக. நமது அறக்கட்டளையின் பணிகளில் பலவும் இப்படி வரும் நன்கொடைகளால்தான் நடக்கின்றன.

ஆனால் மூன்றாவதாகச் சொல்லப்பட்ட பிள்ளைக்கு ஓர் அடைமொழி இருக்கிறது. துஆச் செய்யும் பிள்ளை என்று மட்டும் சொல்லாமல், ஸாலிஹான பிள்ளை என்று சொல்லப்பட்டிருக்கிறது. தந்தையின் விஷயத்தில் ஸாலிஹாக நடப்பது என்றால் என்ன என்பதை இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

நன்கொடையோடு வருகிறவரிடம் ரசீது எழுதுவதற்கு முன் நாம் வழக்கமாக ஒரு கேள்வி கேட்போம்: அத்தாவுக்குக் கடன் பாக்கி ஏதும் உண்டா? சிலருக்கு இது முகச்சுளிப்பாக இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன், தந்தையின் பெயரில் தண்ணீர்த் தொட்டி கட்டித் தர இரண்டு லட்சம் ரூபாயோடு ஒரு சகோதரர் வந்தார். கேட்டதும் "அப்படி ஒன்றும் இல்லை" என்றார். பிறகு சற்று யோசித்து, "ஒரு மண்டிக்காரர் ஏதோ பாக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தார், எழுத்து எதுவும் நம்மிடம் இல்லை" என்றார். எழுத்து நம்மிடம் இல்லாமல் இருக்கலாம், அவரிடம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பி வைத்தோம். மண்டிக்காரரிடம் பேரேடு இருந்தது. 85 ஆயிரம் ரூபாய்; பக்கத்தில் அத்தாவின் கையெழுத்து. அந்தப் பெரியவர் மாற்று மதத்தவர். "உங்கள் அப்பா நல்ல மனுஷன், அதனால்தான் நான் சத்தம் போடவில்லை" என்றாராம். கடன் அடைந்தது. தொட்டி நினைத்ததைவிடச் சிறிதாக அமைந்தது. அத்தா செய்த தர்மமாக அதைச் சொல்வதில் அந்தச் சகோதரருக்கு இப்போது தயக்கம் இல்லை.

கடன் எவ்வளவு பாரமானது என்பதற்கு அபூகதாதா (ரலி) அவர்களின் செய்தி ஒன்றே போதும். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அவருக்குக் கடன் உண்டா, அதை அடைக்க ஏதும் விட்டுச் சென்றாரா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். கடன் உண்டு, அடைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தக் கடனுக்கு நான் பொறுப்பு என்று அபூகதாதா (ரலி) முன்வந்த பிறகே தொழவைத்தார்கள். நம் ஊர்களிலும் மய்யித்தைத் தூக்குவதற்கு முன் "இவருக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தால் பிள்ளைகளைச் சந்தியுங்கள்" என்று அறிவிப்பது இந்த அடிப்படையில்தான். அறிவிப்புச் செய்தவரோடு அந்த வார்த்தை கபுருஸ்தான் வாசலிலேயே நின்றுவிடுவதுதான் வருத்தம்.

அதை நிற்கவிடாத ஒரு மகனின் வரலாறு ஸஹீஹ் புகாரியில் விரிவாக இருக்கிறது. ஸுபைர் பின் அவ்வாம் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 36-இல் ஜமல் போர் நாளில், தாம் அன்று கொல்லப்படுவோம் என்று உணர்ந்து, மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அருகில் அழைத்தார்கள். அந்த வேளையில் அவர்களுக்கிருந்த பெரிய கவலை கடன்தான். சொத்தை விற்றுக் கடனை அடைக்கும்படி சொன்னார்கள். எதிலாவது இயலாமல் போனால் தம் எஜமானனிடம் உதவி கேட்கும்படியும் சொன்னார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று மகனுக்கு விளங்கவில்லை. உங்கள் எஜமானன் யார் என்று கேட்டார். அல்லாஹ் என்று பதில் வந்தது. பின்னர் கடனில் நெருக்கடி வந்தபோதெல்லாம், ஸுபைரின் எஜமானனே, அவருடைய கடனை அடைத்துக்கொடு என்று அப்துல்லாஹ் (ரலி) துஆச் செய்வார்களாம்.

ஸுபைர் (ரலி) வீண் செலவு செய்து கடன்பட்டவர்கள் அல்லர். மக்கள் பாதுகாப்புக்காகத் தங்கள் பணத்தை அவர்களிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அமானிதமாக வைத்து அது தொலைந்துபோனால் கொடுத்தவருக்கு நஷ்டம் ஆகிவிடுமே என்று அஞ்சி, இதைக் கடனாகவே வைத்துக்கொள்கிறேன் என்று பொறுப்பைத் தம் தலையில் ஏற்றுக்கொள்வார்கள். இப்படிச் சேர்ந்த கடனை மகன் கணக்கிட்டபோது 22 லட்சம் வந்தது. ரொக்கமாக ஒரு தீனாரோ திர்ஹமோ வீட்டில் இல்லை. ஃகாபா என்ற இடத்தில் நிலமும், மதீனாவில் பதினொரு வீடுகளும், பஸராவில் இரண்டும், கூஃபாவிலும் எகிப்திலும் ஒவ்வொன்றும் இருந்தன.

தந்தையின் மானத்தையும் மகன் எப்படிக் காத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) வழியில் சந்தித்து, என் சகோதரருக்குக் கடன் எவ்வளவு என்று கேட்டபோது, முழுத் தொகையையும் சொல்லாமல் ஒரு லட்சம் என்று மட்டும் சொன்னார். அதற்கே அவர், உங்கள் சொத்து தாங்காதே என்று கவலைப்பட்டார். 22 லட்சமாக இருந்தால் என்று கேட்டதும், உங்களால் முடியாது, முடியாதபோது என்னிடம் வாருங்கள் என்றார். அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அவர்களுக்கு மட்டும் 4 லட்சம் பாக்கி இருந்தது. அதை விட்டுத் தருகிறேன் என்று அவர்கள் சொன்னார்கள், மகன் மறுத்துவிட்டார். தவணை தருகிறேன் என்றார்கள், அதுவும் வேண்டாம் என்றார். கடைசியில் ஃகாபா நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து அந்தக் கடன் தீர்க்கப்பட்டது.

கடன்கள் அடைந்ததும் ஸுபைரின் மற்றப் பிள்ளைகள் பாகம் பிரிக்கச் சொன்னார்கள். நியாயமான கேட்பு. அப்துல்லாஹ் (ரலி) சம்மதிக்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், ஸுபைரிடம் எவருக்கேனும் கடன் இருந்தால் வந்து பெற்றுக்கொள்ளட்டும் என்று அறிவித்துவிட்டுத்தான் பிரிப்பேன் என்றார்கள். அப்படியே அறிவித்தார்கள். அதன் பிறகு வஸிய்யத்தான மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு வாரிசுகளுக்குப் பிரித்தார்கள். நான்கு மனைவியர் இருந்தார்கள்; ஒவ்வொருவருக்கும் 12 லட்சம் கிடைத்தது.

நாம் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று இங்கே சொல்லவில்லை. அத்தாவின் கைபேசியில் இருக்கும் நூறு எண்களுக்கு ஒரு செய்தி அனுப்பலாம். கடைத்தெருவில், அவர் வேலை பார்த்த ஊரில், வளைகுடாவில் கூடத் தங்கியிருந்த அறை நண்பர்களிடம் விசாரிக்கலாம். கைமாற்று, ஏலச்சீட்டு, நகை அடகு என்று நம் ஊர்க் கடன்கள் பெரும்பாலும் வாய்ப்பேச்சில் நடப்பவை. அவர் போனதும் சாட்சியும் போய்விடுகிறது.

எல்லோரும் மறந்துவிடும் கடன் ஒன்று உண்டு. அது அம்மாவின் மஹர். திருமணத்தின்போது மஹர் கொடுக்கப்படாமல் பாக்கி என்று எழுதப்பட்டிருந்தால், அது தந்தையின் சொத்தின் மீதுள்ள கடன். பாகம் பிரிப்பதற்கு முன் அம்மாவுக்குக் கொடுக்கப்பட வேண்டும். வாரிசாக அவருக்கு வரும் பங்கு இதில் சேராது. பள்ளிவாசலின் பழைய நிகாஹ் தப்தரைப் புரட்டினால் தொகை தெரிந்துவிடும். 101 ரூபாயோ 501 ரூபாயோ இருக்கலாம், பவுன் கணக்காகவும் எழுதியிருக்கலாம். சின்னத் தொகைதானே என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தப்தரின் அந்த வரியை வாசித்துக் காட்டியபோது கண் கலங்கிய தாய்மார்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தொட்டுவிட்டுப் போகிறோம். மூன்றாம் நாள், நாற்பதாம் நாள், வருஷக் கத்தம் ஆகியவற்றில் ஜமாஅத்துகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த விவாதம் இந்த இதழின் வேலை அல்ல. ஆனால் எந்த ஆலிமும் மறுக்காத ஒன்று உண்டு: பிரிக்கப்படாத சொத்திலிருந்து, அதுவும் வாரிசுகளில் வயதுக்கு வராத பிள்ளை இருக்கும்போது, விருந்துச் செலவு செய்யக் கூடாது. அது அந்தப் பிள்ளையின் பணம். மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அந்தக் குடும்பத்துக்கு உணவு தயாரித்துக் கொடுங்கள் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். துக்க வீட்டுக்கு நாம் சோறு கொண்டுபோக வேண்டியிருக்க, துக்க வீட்டார் கடன் வாங்கி நமக்கு பிரியாணி போடும் நிலைக்கு எப்படி வந்தோம் என்று தெரியவில்லை.

இனி இரண்டு தந்தையரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவரும் ஹிஜ்ரி 3-இல் உஹுதுப் போரில் ஷஹீதானவர்கள். இருவரும் பெண் மக்களை விட்டுச் சென்றவர்கள்.

முதலாமவர் அப்துல்லாஹ் பின் அம்ர் பின் ஹராம் (ரலி), ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை. அவர்கள் விட்டுச் சென்றவை கடனும், சின்னஞ்சிறு பெண் மக்கள் பலரும்தான். கடன் கொடுத்திருந்த யூதருக்கு முப்பது வஸக் பேரீச்சம் பழம் தர வேண்டும். தவணை கேட்டுப் பார்த்தும் அவர் இசையவில்லை. நபி (ஸல்) அவர்கள் பரிந்து பேசியும் இசையவில்லை. பிறகு நபி (ஸல்) அவர்கள் அந்தத் தோட்டத்துக்குள் நடந்துவிட்டு, பழத்தைப் பறித்துக் கொடுக்கச் சொன்னார்கள். முப்பது வஸக்கும் அளந்து கொடுத்த பின் பதினேழு வஸக் மீதம் இருந்தது என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். இந்த பரக்கத்தை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். அதே ஜாபிர் (ரலி) அவர்களின் திருமணச் செய்தியை இதோடு சேர்த்துப் பார்ப்பது குறைவு. இளம் வயதில் அவர்கள் மணந்தது ஏற்கெனவே திருமணமாகியிருந்த ஒரு பெண்ணை. ஏன் கன்னிப் பெண்ணை மணக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது, தந்தை பெண் மக்களை விட்டுச் சென்றிருக்கிறார்; அவர்களைப் போன்ற இன்னொரு சிறுமியைக் கொண்டுவர விரும்பவில்லை; அவர்களுக்குத் தலைவாரிப் பராமரிக்கக் கூடிய ஒருவரையே மணந்தேன் என்று விளக்கினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைப் பாராட்டி துஆச் செய்தார்கள். தன் கல்யாணத்தைக்கூடத் தங்கைகளை நினைத்து முடிவு செய்த அண்ணன்.

இரண்டாமவர் ஸஅத் பின் ரபீஉ (ரலி). அவர்களுக்கு இரண்டு பெண் மக்கள், ஆண் பிள்ளை இல்லை. அவர்கள் ஷஹீதானதும், அன்றைய அரபு வழக்கப்படி அவர்களுடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். ஸஅதின் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். இவர்களின் தந்தை உங்களோடு உஹுதில் நின்று ஷஹீதானவர். சிறிய தந்தை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். பணம் இல்லாமல் இவர்களுக்குத் திருமணம் ஆகாதே என்று முறையிட்டார். அல்லாஹ் இதில் தீர்ப்பளிப்பான் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியது. அந்தச் சகோதரருக்கு ஆளனுப்பி, பெண் மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கு, அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கு கொடுத்துவிடுங்கள், மீதி உங்களுக்கு என்று தீர்ப்பளித்தார்கள். சொத்தை 24 பங்காக வைத்தால் பெண் மக்களுக்கு 16, தாய்க்கு 3, அனைத்தையும் வைத்திருந்தவருக்கு 5. இந்தச் செய்தியை அறிவிப்பவரும் ஜாபிர் (ரலி) அவர்கள்தாம்.

உஹுது ஷஹீது ஒருவரின் சொத்துப் பிரிவினையை ஒட்டி இறங்கிய சட்டத்தை நம் வீடுகளில் எந்த நிலையில் வைத்திருக்கிறோம்? ஐவேளைத் தொழுகையாளிகள், ஹாஜிகள் வீட்டில்கூட, அத்தா மவ்த்தான சில மாதங்களில் அக்கா தங்கைகளுக்குத் தொலைபேசி வருகிறது. "பதிவு அலுவலகம் வரை வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போம்மா." கையெழுத்துப் போடும் தாள் விடுதலைப் பத்திரம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பல சகோதரிகளுக்கு வாசித்துக் காட்டுவதும் இல்லை. கேட்டால், உனக்குத்தான் கல்யாணத்தில் நாற்பது பவுன் போட்டோமே என்று பதில் வரும். தந்தை உயிரோடிருக்கும்போது மகளுக்குப் போட்ட நகை அன்பளிப்பு; மவ்த்துக்குப் பிறகு அல்லாஹ் வகுத்த பங்கில் அதைக் கழிக்க முடியாது. அண்ணனின் படிப்புக்கும், வெளிநாடு அனுப்பிய விசாவுக்கும் அத்தா செலவழித்ததை யாரும் பங்கில் கழிப்பதில்லையே.

சகோதரிகள் ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். பங்கு கேட்டால் தாய் வீட்டு வாசல் மூடிவிடும் என்ற பயம். நோன்புப் பெருநாளுக்கு அழைப்பு வராது, நாளைக்கு மாப்பிள்ளையோடு ஏதாவது என்றால் வந்து நிற்க ஆள் இருக்காது. இந்தப் பயத்தில் கொடுத்த சம்மதத்தை மனமுவந்து விட்டுக்கொடுத்ததாகச் சொல்ல முடியுமா? விட்டுக்கொடுப்பது கூடும்தான். அதற்கு ஆலிம்கள் சொல்லும் வழி எளிது. முதலில் பங்கு எவ்வளவு என்று சொல்லி, அதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு அவர் விரும்பித் தம்பிக்கோ அண்ணனுக்கோ கொடுத்தால் அது ஹதியா. கையில் வந்த பிறகு எத்தனை பேர் திருப்பித் தருகிறார்கள் என்று பார்த்தால், சம்மதம் எப்படிப்பட்டது என்பது விளங்கிவிடும்.

வயல், தோப்பு விஷயத்தில் இன்னொரு தவறான பேச்சு உலவுகிறது: விவசாய நிலத்தில் பெண்ணுக்கு பங்கில்லை என்று. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தைத் தன் வரம்புக்குள் கொண்டுவராமல் விட்டிருந்தது உண்மை. ஆனால் சென்னை மாகாணத்தில் 1949-இல் செய்யப்பட்ட திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. ஆகவே தமிழ்நாட்டில் நாட்டுச் சட்டத்தின்படியும் தந்தையின் வயலில் மகளுக்குப் பங்கு உண்டு.

கணக்கு எப்படி வரும் என்று ஓர் உதாரணம். முதலில் கஃபன், அடக்கச் செலவு. அடுத்து கடன்கள், மஹர் பாக்கியோடு சேர்த்து. அடுத்து, மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வஸிய்யத். குர்ஆனில் வஸிய்யத் முதலில் சொல்லப்பட்டிருந்தாலும், கடனே முந்தியது என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை அலீ (ரலி) அறிவிக்கிறார்கள். இவையெல்லாம் போக 24 லட்சம் ரூபாய் நிற்கிறது. மனைவி, இரண்டு மகன்கள், மூன்று மகள்கள் இருக்கிறார்கள், இறந்தவரின் பெற்றோர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். மீதி 21 லட்சத்தை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று ஏழு பங்காக்கினால், ஒவ்வொரு மகளுக்கும் 3 லட்சம், ஒவ்வொரு மகனுக்கும் 6 லட்சம். இறந்தவரின் தாய் உயிரோடிருந்தால் அவருக்கு ஆறில் ஒன்று, அதாவது 4 லட்சம், முதலிலேயே போய்விடும். அத்தாவுக்கு அத்தாம்மா வாரிசு என்பது பலருக்கு நினைவிலேயே வருவதில்லை. மூலையில் உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருக்கும் அந்தக் கிழவிக்கு மகன் போன துக்கத்தோடு பங்கும் போய்விடுகிறது. ஒவ்வொரு குடும்பத்தின் கணக்கும் வேறுபடும் என்பதால் ஆலிமிடம் எழுதிக் கொடுத்து வாங்குவதே சரி.

வங்கிக் கணக்கில் நாமினியாக ஒருவர் பெயர் இருந்தால், அவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவர். பணம் முழுவதும் அவருடையது என்று ஷரீஅத் சொல்லவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கும் வாரிசுச் சான்றிதழும் யார் யார் வாரிசு என்று காட்டுவதுதான். யாருக்கு எவ்வளவு என்று அதில் இருக்காது. அதில் மகள்களின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிக்கும் வேலை நடக்கிறது. அது பொய்ச் சாட்சி.

சொத்துப் பேச்சு போதும். அத்தா விட்டுச் சென்றவற்றில் மனிதர்களும் உண்டு.

பெற்றோர் மவ்த்தான பிறகும் அவர்களுக்குச் செய்ய ஏதும் உண்டா என்று ஒருவர் கேட்டதற்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன பட்டியலை அபூதாவூதில் பார்க்கிறோம். துஆ, பாவமன்னிப்புக் கேட்பது, அவர்கள் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது, அவர்கள் வழியாக வந்த உறவைச் சேர்ந்து நடப்பது, அவர்களுடைய நண்பர்களைக் கண்ணியப்படுத்துவது. இதன் கடைசிப் பகுதியை இப்னு உமர் (ரலி) எப்படிச் செய்தார்கள் என்பது முஸ்லிமில் இருக்கிறது. மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமவாசியைக் கண்டதும் ஸலாம் சொல்லி, தாம் ஏறி வந்த கழுதையையும் தலையில் இருந்த தலைப்பாகையையும் கொடுத்துவிட்டார்கள். கிராமத்து அரபிகள் சிறிது கொடுத்தாலே திருப்திப்படுவார்களே என்று கூட வந்தவர்கள் கேட்டார்கள். இவருடைய தந்தை என் தந்தை உமருக்கு நேசமானவர் என்றார்கள் அவர்கள். எதிரே வந்தவர் தந்தையின் நண்பர்கூட அல்லர், நண்பரின் மகன்.

அத்தாவின் நண்பர்கள் யார் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. வழி இருக்கிறது. வீட்டில் பழைய மொய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். முப்பது வருஷத்துக்கு முன் உங்கள் அக்கா கல்யாணத்துக்கு யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று அதில் பெயரோடு இருக்கும். ஹிந்து நண்பர்கள், கூட வேலை பார்த்தவர்கள், கடைக்குச் சரக்கு போட்டவர்கள், எல்லோரும் இருப்பார்கள். அவர்களில் உயிரோடிருப்பவர்களை ஒரு தடவை போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அத்தா இளவயதில் எப்படி இருந்தார், எதற்குக் கோபப்படுவார், யாருக்கு ரகசியமாக உதவினார் என்று நமக்குத் தெரியாத பாதி வாழ்க்கை அவர்களிடம்தான் இருக்கிறது. கேட்டதை எழுதி வையுங்கள். இறந்தவர்களின் நல்லவற்றைச் சொல்லுங்கள், குறைகளைப் பேசாதீர்கள் என்பது நமக்கு இடப்பட்ட ஒழுக்கம். அதற்காக இல்லாததைச் சேர்த்து அவரை வலியுல்லாஹ்வாக ஆக்கவும் வேண்டாம். ஒரு சாதாரண ஜவுளிக்கடைக்காரர் சரியாக அளந்து கொடுத்தார் என்று பேரப்பிள்ளைக்குச் சொன்னாலே அதற்கு நல்ல பாடம் கிடைத்துவிடும்.

தர்மத்துக்கும் வருகிறோம். உமர் (ரலி) அவர்களுக்கு கைபரில் நல்ல நிலம் கிடைத்தபோது, மூலத்தை நிறுத்தி வைத்து விளைச்சலை தர்மமாக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். விற்கவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ, வாரிசுகள் எடுக்கவோ முடியாத வக்ஃபாக உமர் (ரலி) அதை எழுதி வைத்தார்கள். தமக்குப் பிறகு அதை நிர்வகிக்கும் பொறுப்பை மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். தந்தையின் பெயரில் ஏதேனும் நிறுவும் குடும்பங்கள் அதன் கணக்கு வழக்கில் மகள்களையும் சேர்க்க இதுவே போதுமான முன்மாதிரி. சிறிய தொகைதான் இருக்கிறது என்றால், பெயர்ப்பலகைக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தி ஓர் ஏழை மாணவியின் ஓராண்டுக் கட்டணத்தைக் கட்டுங்கள் என்பது நமது தாழ்மையான கருத்து.

கடைசியாக, இதை வாசிக்கும் அத்தாமார்களுக்கு. எழுதி வைக்க வேண்டியது ஏதேனும் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இப்னு உமர் (ரலி) வழியாக வரும் கட்டளை. உங்களுக்கு யார் தர வேண்டும், நீங்கள் யாருக்குத் தர வேண்டும், எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது, மனைவியின் மஹர் பாக்கியா, விடுபட்ட ஸகாத், நோன்பு ஏதும் உண்டா, இவற்றையெல்லாம் எழுதுங்கள். உங்களுக்கு முன்பே மவ்த்தான மகனின் பிள்ளைகள் இருந்தால், வேறு மகன்கள் இருக்கும் நிலையில் அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு வராது. அவர்களுக்கு மூன்றில் ஒன்றுக்குள் வஸிய்யத் எழுதும் வாய்ப்பு உங்கள் கையில் மட்டும்தான் இருக்கிறது, நீங்கள் உயிரோடிருக்கும் வரை. இந்த விவரங்களை நிரப்புவதற்கான தாள் ஒன்று அறக்கட்டளை அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அஸருக்குப் பிறகு மஃரிபு வரை வந்து பெற்றுக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுதிக் கொடுக்கவும் ஆள் இருக்கிறார். நிரப்பியதும் ஒரு பிரதியை மகனிடம் கொடுக்கும்போது, இன்னொன்றை மகளிடமும் கொடுத்துவிடுங்கள்.